சாப்ளினின் 'மான்சியர் வெர்டூ': கடைசிக் கோர்ட் பேச்சு படத்துக்குத் தேவையா?

நிழல்வண்ணன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. சாப்ளின் என்றாலே நமக்குத் தடி, தொப்பி, கிழிந்த ஷூ. அதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, பணத்துக்காகப் பெண்களைக் கல்யாணம் செய்து கொல்லும் ஒருவனாக அவர் நடித்த படம் இது. 1947இல் வந்தது. கதை முழுவதையும் பேசப்போகிறோம், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

படம் கல்லறையில் தொடங்குகிறது. கல்லில் ஹென்றி வெர்டூ, 1880–1937 என்று இருக்கிறது. செத்தவனே நம்மிடம் பேசுகிறான். பல வருஷம் பாங்கில் நாணயமான குமாஸ்தாவாக இருந்தானாம். 1930இன் பொருளாதார வீழ்ச்சியில் வேலை போயிற்று. அப்புறம் பெண்களை ஒழித்துக்கட்டும் தொழிலில் இறங்கினான். நடக்க முடியாத மனைவியும் சின்னப் பையனும் ஊரில் இருக்கிறார்கள், அவர்களுக்காகச் செய்த வியாபாரம் என்கிறான். குரலில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை.

முதல் தடவை அவனைத் தோட்டத்தில் பார்க்கிறோம். ரோஜாவைக் கத்தரித்துக்கொண்டு நடக்கிறான். பாதையில் ஒரு கம்பளிப்பூச்சி. மிதித்துவிடப்போகிறோமே என்று பதறி, குனிந்து எடுத்து ஓரமாக விடுகிறான். அவனுக்குப் பின்னால் குப்பை எரிக்கும் அடுப்பிலிருந்து கரும்புகை வந்துகொண்டே இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மூன்று நாளாகத் துணி காயப்போட முடியவில்லை. எரிவது தெல்மா என்ற மனைவி. அவளை நாம் உயிரோடு பார்ப்பதே இல்லை.

இதைவிட என்னை அசர வைப்பது அவன் பணம் எண்ணும் விதம். நோட்டுக்கட்டைக் கையில் எடுத்ததும் விரல்கள் மின்னல் வேகத்தில் ஓடும். அத்தனை வருஷம் பாங்கில் எண்ணிய விரல்கள். அடுத்தவர் பணத்தை எண்ணியபோதும் அதே வேகம்தான் இருந்திருக்கும், கொன்றவளின் பணத்தை எண்ணும்போதும் அதே வேகம்தான். முகத்தில் ஒரு சலனமும் கிடையாது. படம் சொல்லவந்தது முழுவதும் எனக்கு அந்த விரல்களில் இருக்கிறது.

லிடியா காட்சியும் அப்படித்தான். ஷேர் மார்க்கெட்டில் உடனே பணம் கட்டியாக வேண்டும். பாங்க் திவாலாகப் போகிறது என்று பொய் சொல்லி, அந்த அம்மாவை அன்றைக்கே எல்லாப் பணத்தையும் எடுக்க வைக்கிறான். ராத்திரி மாடி ஜன்னலில் நிலவைப் பார்த்து நின்று கவிதையாக ஏதோ பேசுகிறான். அவள் உள்ளேயிருந்து, போதும் வந்து படு என்கிறாள். அவன் அறைக்குள் போகிறான். கேமரா வெளியிலேயே நிற்கிறது. இசை ஏறுகிறது, ஜன்னலில் இருட்டு விடியலாக மாறுகிறது. பணப்பெட்டியோடு வெளியே வருகிறான். கீழே போய்க் காலை உணவுக்கு இரண்டு பேருக்கு மேஜை போடுகிறான். பிறகு ஞாபகம் வந்து ஒருத்தருக்கானதைத் திரும்ப எடுத்து வைக்கிறான்.

இவ்வளவையும் ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் காட்டத் தெரிந்த கலைஞர், கடைசியில் கோர்ட்டில் நின்று 'நான் செய்தது சில்லறைக் கொலை, உலகம் செய்வது மொத்தக் கொலை' என்ற அர்த்தத்தில் பேசுவது ஏன்? அந்தப் பேச்சு படத்தைச் சின்னதாக்கிவிடுகிறது என்பது என் கருத்து. உங்கள் பார்வை என்ன?

மீனா ராகவன் எழுதியது:

நிழல்வண்ணன் சார், நல்ல இழை. ஆனால் பேச்சு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

1947 என்பதைக் கணக்கில் எடுங்கள். ஹிரோஷிமா, நாகசாகி முடிந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வெர்டூ கோர்ட்டில் சொல்வது என்ன? பேரழிவு ஆயுதங்களை உலகம் கட்டிக்கொண்டே இருக்கிறது, ஒன்றும் அறியாத பெண்களையும் குழந்தைகளையும் துண்டு துண்டாகச் சிதறடித்திருக்கிறது, அதையும் மிக விஞ்ஞானபூர்வமாகச் செய்திருக்கிறது, அதோடு ஒப்பிட்டால் நான் கற்றுக்குட்டி என்கிறான். கதை நடப்பது 1930களில். ஆனால் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு 'விஞ்ஞானபூர்வமாக' என்ற வார்த்தை எதைக் காட்டியிருக்கும்? அணுகுண்டு போட்ட நாட்டிலேயே, போரில் ஜெயித்த சந்தோஷம் ஆறுவதற்கு முன்னால், ஒரு நகைச்சுவைப் படத்தில் இதைச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வந்தது?

இன்னொன்று. ஹாலிவுட்டின் தணிக்கை அமைப்பான பிரீன் ஆபீஸ் முதலில் இந்தத் திரைக்கதையை அப்படியே நிராகரித்தது. அவர்கள் எழுதிய கடிதங்களைச் சாப்ளின் தன் சுயசரிதையில் பக்கம் பக்கமாகக் கொடுத்திருக்கிறார். கொலைகள் அவர்களுக்குப் பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. வெர்டூ இந்த அமைப்பையே குற்றம் சாட்டுகிறான், இன்றைய சமூக அமைப்பைப் பழிக்கிறான் என்பதுதான் அவர்களின் முதல் குறை. அப்புறம்தான் மற்றவை: அந்த இளம்பெண் விலைமாது போலத் தெரிகிறாள், பாதிரியாரோடு பேசும் வசனம் சரியில்லை என்று வரிவரியாக. அவர் உட்கார்ந்து பேசி, சிலதை மாற்றி, சிலதை விடாப்பிடியாகக் காப்பாற்றினார்.

விரல்களைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் ரசிகர்கள் எப்போதும் கொஞ்சம் பேர்தான். அந்த வருஷம் அது புரியாமல் போய்விடக்கூடாது என்று சாப்ளின் நினைத்திருக்கிறார். எனக்கு அது கௌரவமான காரணமாகத் தெரிகிறது.

பாலா77 எழுதியது:

படம் இன்னும் பார்க்கவில்லை, இழையைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. வீட்டில் பத்து வயசுப் பையன் சாப்ளின் ரசிகன். அவனோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

செந்தில்_கு எழுதியது:

பாலா, ரத்தம் கத்தி எதுவும் கிடையாது. லிடியா கதை அறைக் கதவுக்குப் பின்னால் முடிந்துவிடுகிறது. ஒரே ஒரு போலீஸ்காரர் விஷம் கலந்த ஒயின் குடித்துவிட்டு ரயிலில் தூங்குவது போலச் சாவதை மட்டும்தான் நேரில் காட்டுகிறார்கள். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும், பாதிக்கு மேல் பேச்சு. பத்து வயசுக்குப் பொறுமை இருக்காது. தடி, தொப்பியோடு வருகிற படங்களை முதலில் காட்டுங்கள்.

இழைக்கு வருகிறேன். இந்தக் கதைக்குப் பின்னால் ஒரு உண்மைக் கொலைகாரன் இருக்கிறான், ஹென்றி லாந்த்ரு. அவனைப் பற்றித் தெரிந்தால்தான் சாப்ளின் எதை மாற்றினார் என்பது புரியும்.

முதல் உலகப்போர் நேரம். ஆண்கள் போர்முனையில். பாரிஸில் விதவைகள், தனியாக வாழும் பெண்கள் நிறைய. லாந்த்ரு பத்திரிகையில் மணமகள் தேவை என்று விளம்பரம் கொடுப்பான். வழுக்கைத்தலை, பெரிய தாடி, பார்க்க அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் அவனோடு தொடர்புக்கு வந்த பெண்கள் 283 பேர் என்று போலீஸ் கணக்கெடுத்தது. முதலில் வெர்னூயே, அப்புறம் காம்பே என்ற ஊர்களில் வீடு வாடகைக்கு எடுத்திருந்தான். கூட்டிக்கொண்டு போன பெண்கள் சிலர் திரும்பி வரவில்லை. அவர்களுடைய மேஜை நாற்காலி, பீரோ எல்லாவற்றையும் விற்றுக் காசாக்கினான். உடல்கள் கிடைக்கவே இல்லை. காம்பே வீட்டு அடுப்புச் சாம்பலில் எலும்புத் துண்டுகள்தான் கிடைத்தன.

அவனை மாட்டிவிட்டதில் முக்கியமானது ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். தினசரிச் செலவை ஒன்றுவிடாமல் எழுதிவைக்கும் பழக்கம் அவனுக்கு. அதில் ரயில் டிக்கெட் கணக்கும் இருந்தது. தனக்குப் போக வர டிக்கெட், கூட வந்த பெண்ணுக்குப் போக மட்டும். 1921 நவம்பரில் வெர்சாயில் விசாரணை நடந்தது. பத்துப் பெண்கள், ஒரு பெண்ணின் மகன் என்று பதினொரு கொலைகள் உறுதியாயின. கடைசிவரை அவன் ஒப்புக்கொள்ளவில்லை. 1922 பிப்ரவரி 25 அன்று கில்லட்டினில் தலையை வெட்டினார்கள்.

சாப்ளின் படத்தில் வெர்டூ பாரிஸில் பழைய மேஜை நாற்காலி விற்கும் கடை வைத்திருப்பதும், அடுப்புப் புகையும், ஓயாத ரயில் பயணமும் லாந்த்ருவிடமிருந்து வந்தவை. ரயில் சக்கரம் ஓடுவதைத் திரும்பத் திரும்பக் காட்டுவார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த டிக்கெட் கணக்குதான் நினைவுக்கு வரும்.

மாற்றியது எது? லாந்த்ரு நாணயமான குமாஸ்தா கிடையாது. போருக்கு முன்னாலேயே மோசடி வழக்குகளில் பல முறை உள்ளே போய் வந்தவன். மனைவி, நான்கு பிள்ளைகள் உண்டு, ஆனால் யாரும் சக்கர நாற்காலியில் இல்லை. வேலை போனதால் கொலைகாரன் ஆனான் என்பதும், முடியாத மனைவிக்காகச் செய்தான் என்பதும் சாப்ளின் கொடுத்த நியாயங்கள். கதையை 1914இலிருந்து 1930களுக்கு நகர்த்தியதே அந்த நியாயத்துக்காகத்தான். அதனால் கோர்ட் பேச்சு மட்டும் தனியாக ஒட்டவைத்த விஷயம் இல்லை, கல்லறைக் குரலிலேயே தொடங்கிவிட்டது.

படத்தின் ஆரம்பத்தில் ஆர்சன் வெல்ஸின் யோசனையை வைத்து எடுத்தது என்று போடுவார்கள். லாந்த்ரு கதையைச் சாப்ளினிடம் முதலில் கொண்டுபோனவர் வெல்ஸ். 5000 டாலர் கொடுத்து அந்த யோசனையை வாங்கிக்கொண்டு, திரைக்கதையை முழுக்கத் தானே எழுதினார் சாப்ளின்.

கயல் எழுதியது:

செந்தில் அண்ணா எழுதியதைப் படித்த பிறகு எனக்கு வேறு ஒரு கேள்வி வந்துவிட்டது. பேச்சு தேவையா இல்லையா என்று மூன்று பேரும் பேசுகிறீர்கள். செத்த பெண்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

லிடியாவை எப்படிக் காட்டுகிறார்? வயசானவள், சிடுசிடுப்பு, கஞ்சத்தனம், கணவனைப் பார்த்ததும் திட்டு. தெல்மா வெறும் புகை. அவளைத் தேடும் குடும்பமோ ஒயின் வியாபாரக் குடும்பம், உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் கடித்துக்கொண்டிருக்கிறது. இவர்கள் சாவதில் நமக்கு வருத்தமே வராதபடி முதலிலேயே ஏற்பாடு செய்துவிடுகிறார். அப்புறம் விஷத்தைச் சோதித்துப் பார்க்க மழையில் ஒரு இளம்பெண்ணைக் கூட்டி வருகிறான். அவள் அழகு, இளமை, புத்தகம் படிப்பவள். அவளை விட்டுவிடுகிறான். இளமையும் இனிமையும் இருப்பவள் பிழைப்பாள், வயசான சிடுமூஞ்சிகள் சாவார்கள் என்றால், அந்தக் கணக்கை எழுதியது யார்? வெர்டூ மட்டுமா?

லாந்த்ருவின் பதினொரு பேரில் பெரும்பாலானவர்கள் போர்க்காலத்தில் ஒரு துணை கிடைக்காதா என்று பத்திரிகை விளம்பரத்துக்குக் கடிதம் எழுதிய சாதாரணப் பெண்கள். படத்தில் ஒருத்திக்காவது அந்த ஏக்கம் இருக்கிற முகம் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் சிரிப்பு வந்திருக்காது என்பதால் கொடுக்கவில்லை. ஆயுத வியாபாரியை விட நான் சின்னவன் என்று கோர்ட்டில் அவன் சொல்லும்போது, எனக்கு மேஜையிலிருந்து திரும்ப எடுத்து வைத்த அந்தத் தட்டுதான் தெரிகிறது. அதற்கு அவன் பேச்சில் பதில் இல்லை.

நிழல்வண்ணன் எழுதியது:

கயல், நீங்கள் எழுப்பியது இந்தப் படத்தின் மேல் வைக்கக்கூடிய கனமான குற்றச்சாட்டு. ஆனால் உங்கள் பட்டியலில் ஒருத்தி விட்டுப்போய்விட்டாள். அன்னபெல்லா.

மார்த்தா ரே நடித்தது. சத்தமான சிரிப்பு, பளபளா உடை, லாட்டரியில் விழுந்த பணம், யாரையும் நம்பாத குணம், வாயைத் திறந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். வெர்டூவைக் கப்பல் கேப்டன் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். நாகரிகத்தில் அவனுக்கு நேர் எதிர். உங்கள் கணக்குப்படி முதலில் சாக வேண்டியவள் அவள்தான். அவன் கொல்லப் பார்த்த மனைவிகளில் சாகாதவளும் அவள்தான்.

ஏரியில் படகுக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மீன் பிடிக்கலாம் என்று நடு ஏரிக்குக் கூட்டிப்போகிறான். படகில் ஒரு கல், கயிறு, கயிற்றில் சுருக்கு. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு தூண்டிலைப் பார்க்கிறாள். இவன் சுருக்கைத் தூக்கிக்கொண்டு மெதுவாக எழுந்து பின்னால் வருகிறான். சட்டென்று அவள் திரும்புகிறாள். அந்தக் கணத்தில் கொலைகாரன் காணாமல் போய், காலை மடக்கி உட்கார்ந்து வெட்கத்தோடு சிரிக்கும் ஒரு ஆசாமி அங்கே இருக்கிறான். பழைய சாப்ளின் ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். அப்புறம் கரையிலிருந்து யாரோ மலைப்பாட்டுப் பாடும் குரல் கேட்கிறது. பார்த்தால் ஒரு கூட்டமே வேடிக்கை பார்க்கிறது. கடைசியில் தண்ணீரில் விழுவது இவன், இழுத்துக் காப்பாற்றுவது அவள்.

விஷத்திலும் இதே கதைதான். தலைமுடிக்குப் போடும் பெராக்சைடு பாட்டிலில் விஷத்தை ஊற்றி வைக்கிறான். வேலைக்காரப் பெண் அதைத் தன் தலைக்குத் தடவிக்கொள்கிறாள். அவளுக்கு முடி கொத்துக் கொத்தாக வருகிறது. இங்கே மேஜையில் கிளாஸ் மாறிப்போய், விஷத்தைத் தானே குடித்துவிட்டதாக நினைத்து வெர்டூ அலறுகிறான், வயிற்றைக் கழுவுகிறார்கள்.

அவனுடைய கணக்கு, ஒழுங்கு, பேச்சு எல்லாம் அன்னபெல்லாவிடம் செல்லாது. அவள் அவனைக் கவனிக்கவே இல்லை, அதுதான் அவளுக்குக் காப்பு. படத்திலேயே வாய்விட்டு வாழ்கிற ஒரே ஆள் அவள் என்று எனக்குப் படுகிறது. சாப்ளின் அவளைக் கேலி செய்கிறார் என்றால், ஒவ்வொரு காட்சியிலும் தன்னிடமிருந்தே சிரிப்பை எடுத்து அவளிடம் ஏன் கொடுக்கிறார்?

அந்தோணி எழுதியது:

படம் வெளியானபோது நடந்ததையும் யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். மீனா மேடம் சொன்ன துணிச்சலுக்கு அவர் கொடுத்த விலை அதில்தான் தெரியும்.

1947 ஏப்ரல் 11 அன்று நியூயார்க்கில் முதல் காட்சி. அரங்கத்தில் சிலர் சீறி எதிர்ப்புக் காட்டியதைச் சாப்ளினே எழுதியிருக்கிறார். இரண்டு மூன்று நாளில் பத்திரிகையாளர் சந்திப்பு. படத்தைப் பற்றிக் கேள்வி குறைவு. நீ கம்யூனிஸ்டா, இத்தனை வருஷம் இங்கே சம்பாதித்துவிட்டு ஏன் அமெரிக்கக் குடிமகன் ஆகவில்லை, போருக்கு என்ன செய்தாய் என்று போட்டு வறுத்தார்கள். முன்னாள் படைவீரர் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் தேசபக்தி பற்றி நீளமாக விசாரித்தார். கூட்டத்தில் சாப்ளினுக்காகக் கோபத்தோடு பேசியவர் எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜி. ஒரு மனிதனின் சொந்த விஷயங்களைத் துருவிக்கொண்டு சுதந்திர நாடு என்று பெருமைப்படுவது எப்படி என்ற பொருளில் பேசினார். அப்புறம் 'தி நேஷன்' பத்திரிகையில் மூன்று இதழ்களில் இந்த ஒரே படத்தைப் பற்றி எழுதினார். ஒரு படத்துக்கு மூன்று இதழ் கொடுத்த விமர்சகர் எத்தனை பேர்?

கத்தோலிக்க முன்னாள் வீரர்கள் தியேட்டர் வாசலில் மறியல் செய்தார்கள். மெம்ஃபிஸ் நகரில் தடையே போட்டார்கள். சாப்ளின் படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பிரான்சில் நன்றாக ஓடியது. அமெரிக்காவில் 1964இல் மறுபடி திரையிட்டபோதுதான் கூட்டம் வந்தது.

ஒரு தகவல், நம் வாசகர்களுக்குப் பிடிக்கும். அசல் திரைக்கதைக்கான ஆஸ்கருக்கு இந்தப் படம் பரிந்துரைக்கப்பட்டது. அந்த வருஷம் அதைத் தட்டிச்சென்றவர் சிட்னி ஷெல்டன். ஆமாம், நாவல்கள் எழுதிய அதே ஷெல்டன்தான், ஒரு கலகலப்பான குடும்பப் படத்துக்காக.

1952 செப்டம்பரில் சாப்ளின் குடும்பத்தோடு கப்பலில் லண்டனுக்குப் போகும்போது, திரும்பி நுழையும் அனுமதியை அமெரிக்க அரசு ரத்து செய்தது. அதற்கு இந்த ஒரு படம் மட்டும் காரணம் இல்லை. ஆனால் அவருக்கு எதிராக எழுந்த அலை வெளியில் எல்லோருக்கும் தெரியும்படி ஆனது இந்தப் படத்தில்தான். சுயசரிதையில் தன் படங்களிலேயே மிகச் சாமர்த்தியமானது, மிகச் சிறந்தது என்று இதைத்தான் சொல்கிறார்.

மீனா ராகவன் எழுதியது:

அந்தோணி சார், நன்றி.

கயல், மழைப்பெண் காட்சியை நீங்கள் அழகு, இளமை என்று முடித்துவிட்டீர்கள். அங்கே நடப்பது வேறு.

அவன் அவளுக்குத் தன் கையால் முட்டை பொரித்துக் கொடுக்கிறான். ஒயினில் விஷம் இருக்கிறது. தடயமே தெரியாத விஷம், மாரடைப்பு என்றுதான் டாக்டர் எழுதுவார். நண்பர்களோடு சாப்பிட்ட விருந்தில் மருந்துக்கடைக்கார நண்பர் வாயிலிருந்து விழுந்த விஷயம் அது. யாரும் தேடி வராத ஒருத்தியிடம் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். அவள் அப்போதுதான் ஜெயிலிலிருந்து வந்திருக்கிறாள், வாடகைக்கு எடுத்த டைப்ரைட்டரை அடகு வைத்ததற்காக. சாப்பிட்டுக்கொண்டே தன் கணவனைப் பற்றிப் பேசுகிறாள். போரில் ஊனமானவன், குழந்தை மாதிரி அவளை நம்பி இருந்தவன், அவள் ஜெயிலில் இருக்கும்போதே செத்துவிட்டான். அவனுக்காக நான் கொலைகூடச் செய்திருப்பேன் என்கிறாள்.

இந்த வார்த்தை வந்ததும் அவன் முகத்தைப் பாருங்கள். எந்த நியாயத்தைச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்கிறானோ, அதே நியாயம் எதிரில் உட்கார்ந்து முட்டை சாப்பிடுகிறது. ஒயினில் கார்க் விழுந்துவிட்டது என்று சொல்லிக் கிளாஸை எடுத்துவிடுகிறான். கையில் பணம் கொடுத்து அனுப்புகிறான். அவள் அழுகிறாள். அவளைக் கொன்றால் தன் மனைவிக்காகத்தான் எல்லாம் என்ற கதையையும் சேர்த்துக் கொல்ல வேண்டிவரும். அதனால் விட்டான். அவள் அழகுக்கு அதில் பங்கு கிடையாது.

கயல் எழுதியது:

மீனா அக்கா, காட்சியை நீங்கள் சொன்ன விதத்தில் பார்த்தால் அது பெரிய காட்சிதான். ஆனால் அது என் குற்றச்சாட்டை இன்னும் பலமாக்குகிறது. தன்னைப் போல ஒருத்தியிடம் மட்டும் அவனுக்கு இரக்கம் வருகிறது. லிடியாவின் கதையை உட்கார்ந்து கேட்க அவனுக்கும் நேரமில்லை, படத்துக்கும் நேரமில்லை.

நிஜ மனைவி மோனாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும்போது அங்கே அவன் எவ்வளவு நல்ல அப்பா. பையன் பூனையின் வாலை இழுக்கிறான். இவன் கண்டிக்கிறான்: உனக்குள் கொடூரக் குணம் இருக்கிறது, எங்கிருந்து வந்ததோ, வன்முறை வன்முறையைத்தான் பெறும் என்கிறான். வீட்டில் புலால்கூடக் கிடையாது. அந்த இடம் பிரமாதம், மறுக்கவே மாட்டேன். ஆனால் மோனா? எங்கிருந்து இவ்வளவு பணம், எதற்கு இவ்வளவு அவசரம் என்ற கவலை அவள் முகத்தில் தெரிகிறது. இதைவிட ஏழையாக இருந்தபோது சந்தோஷமாக இருந்தோமே என்கிறாள். அவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அப்புறம் ஷேர் மார்க்கெட் சரிகிறது, மனைவியும் மகனும் போய்விட்டார்கள் என்று ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. எப்படிச் செத்தார்கள்? படம் சொல்லவில்லை. யாருக்காக இவ்வளவும் செய்தேன் என்கிறானோ, அவளுக்கே ஒரு சாவுக் காட்சி கிடையாது.

அன்னபெல்லா விஷயத்தில் நிழல்வண்ணன் சொன்னது பிடித்திருக்கிறது. ஆனால் அவள் பிழைப்பது அதிர்ஷ்டத்தால். அதிர்ஷ்டம் இருந்தவள் பிழைத்தாள் என்பது மற்றவர்களுக்கு நியாயம் ஆகிவிடாது.

செந்தில்_கு எழுதியது:

கயல், மனைவி, மகன் சாவை மறைத்தது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. காட்டியிருந்தால் அவன் மேல் நமக்குப் பரிதாபம் கொட்டியிருக்கும். பரிதாபத்தைக் கறந்தெடுப்பதில் சாப்ளினை மிஞ்ச ஆள் கிடையாது, அது நமக்குத் தெரியும். இங்கே வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

சில வருஷம் கழித்து அந்த மழைப்பெண் காரில் வருகிறாளே, அதைக் கவனித்தீர்களா? இப்போது பணக்காரி. ஆயுதத் தொழிற்சாலை முதலாளி ஒருவரின் துணை. அந்தத் தொழில் அல்லவா நான் செய்திருக்க வேண்டும் என்கிறான் வெர்டூ. சாதாரணமாகப் பேசுகிற பேச்சு. கோர்ட்டில் சொல்லப்போவது முழுவதும் அங்கேயே வந்துவிட்டது. அவன் விஷம் கொடுக்காமல் விட்ட ஒரே பெண் யார் சோற்றைச் சாப்பிடுகிறாள் பாருங்கள். இந்த இடத்தில் யாரையும் நல்லவர் என்று விட்டுவைக்கவில்லை அவர்.

இருவரும் போகும் ஹோட்டலில்தான் தெல்மாவின் குடும்பம் அவனை அடையாளம் கண்டுகொள்கிறது. தப்பிக்க வழி இருந்தும் போகவில்லை. பெண்ணை வழியனுப்பிவிட்டு, திரும்பி வந்து தானாகவே மாட்டிக்கொள்கிறான். கல்லறைக் குரல் சொன்ன 'வியாபாரம்' அங்கே கணக்கு முடிகிறது, நஷ்டத்தில்.

நிழல்வண்ணன் எழுதியது:

செந்தில் சொன்ன அந்த ஆயுத முதலாளிப் பேச்சுதான் என் வாதத்துக்கு நல்ல சாட்சி. ஆயுத முதலாளி என்ற ஒரு விவரம், காரில் இறங்கும் ஒரு பெண், அவள் உடம்பில் விலை உயர்ந்த உடை. போதும், எல்லாம் வந்துவிட்டது.

கடைசிப் பகுதியில் பேச்சு இரண்டு தடவை வருகிறது என்பதையும் யாரும் சொல்லவில்லை. கோர்ட்டில் ஒன்று. அது சுருக்கமானது, உங்களையெல்லாம் சீக்கிரமே சந்திப்பேன் என்று முடியும்போது முதுகு சில்லிடும். அதற்குப் பிறகு ஜெயில் அறையில் நிருபரிடம் மறுபடியும். போரும் வியாபாரம்தான், ஒரு கொலை செய்தால் பாதகன், லட்சம் செய்தால் வீரன், எண்ணிக்கை எல்லாவற்றையும் புனிதமாக்கிவிடுகிறது என்று. படத்தில் எல்லோரும் எடுத்துச் சொல்லும் வரி இதுதான். ஆனால் இந்த இரண்டாவது தடவை வெர்டூ பேசுவதாக எனக்குக் கேட்கவில்லை, சாப்ளின் பேசுகிறார். 1940இல் சர்வாதிகாரியைக் கேலி செய்த 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தின் கடைசியிலும் அப்படித்தான், அவர் நடித்த நாவிதன் போய்விட்டு சாப்ளின் வந்து நிற்பார். அங்கே நம்பிக்கையோடு பேசினார், இங்கே கசப்போடு. எனக்குக் கசப்புப் பிரச்சினை இல்லை. வெர்டூவின் வாயில் வெர்டூவின் வார்த்தை இருக்க வேண்டும்.

பாதிரியாரிடம் பேசுவதைப் பாருங்கள். உன் ஆன்மாவுக்கு ஆண்டவன் இரக்கம் காட்டட்டும் என்கிறார் அவர். ஏன் காட்டக்கூடாது, அது அவருடையதுதானே என்கிறான். இது வெர்டூ. கணக்குப்பிள்ளையின் பதில், எந்தச் சொத்து யார் பேரில் இருக்கிறது என்று பார்க்கிறவனின் பதில். அதே போல ரம். சாவதற்கு முன் கொடுக்கும் ரம்மை வேண்டாம் என்கிறான். உடனே, இருங்கள், நான் ரம் குடித்ததே இல்லை என்று வாங்கிக் குடிக்கிறான். ருசி பார்த்ததும் முகத்தில் ஒரு சின்ன ஆச்சரியம். வாழ்நாளில் விட்டுப்போன ஒரு செலவினத்தைக் கடைசி வரியில் எழுதிச் சேர்க்கிற மாதிரி. நிருபரிடம் சொல்லும் அந்த வரியை வெட்டினால், நீதிமன்றத்திலிருந்து நேராக இந்த இரண்டுக்கும் வந்துவிடலாம்.

மீனா ராகவன் எழுதியது:

அந்த வரியை வெட்டக்கூடாது சார். நீங்களே முதல் பதிவில் சொன்னீர்கள், விரல்கள் எண்ணுகின்றன, அதுதான் படம் என்று. ஜெயில் அறையில் அவன் பேசுவதும் எண்ணிக்கை பற்றித்தான். ஒன்று என்றால் இந்தப் பெயர், லட்சம் என்றால் அந்தப் பெயர். வாழ்நாள் முழுக்கப் பணத்தை எண்ணியவன் கடைசியில் பிணங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, எந்தத் தொகையில் விலை மாறுகிறது என்று சொல்கிறான். சாப்ளினின் குரலும் அதில் கேட்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பேசுவது பாங்க் குமாஸ்தாதான்.

கயல் எழுதியது:

அக்கா, அப்படிப் பார்த்தால் அவன் எண்ணிக்கையில் தெல்மா ஒன்று, லிடியா ஒன்று. பெயர் கிடையாது, எண் மட்டும். இதை அவன் செய்கிறான் என்பது சரி, அவன் கொலைகாரன். படம் அதையே செய்யலாமா என்பதுதான் என் கேள்வி, அது இன்னும் அப்படியே இருக்கிறது. அடுத்த வாரம் இங்கே நான்கைந்து பேர் சேர்ந்து பார்க்கப்போகிறோம். லிடியா வரும் பகுதியை மட்டும் இரண்டு தடவை போடச் சொல்லியிருக்கிறேன். பாங்கில் அத்தனை வருஷம் அவள் சேர்த்த பணம், கணவன் சொன்ன ஒரு பொய்யை நம்பி அதை முழுவதும் எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் அந்த முகம், அதில் திட்டைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.